இரட்டைப் பார்வை: கண்ணாடிக் கடைக்குப் போக முன்னம் ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்கள்

"ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்று வீட்டில் ஒருவர் சொன்னால், யாழ்ப்பாணத்தில் அடுத்த பேச்சு அநேகமாக மூக்குக்கண்ணாடியைப் பற்றியதாகத்தான் இருக்கும். நம்பர் கூடியிருக்கும், ரவுணுக்குப் போய் மாத்துங்கோ என்பார்கள். சில வேளை அது சரிதான். ஆனால் பல வேளைகளில் கண்ணாடிக்கும் அதற்கும் தொடர்பே இராது. கண்ணை அசைக்கும் தசையிலோ, அந்தத் தசைக்குப் போகும் நரம்பிலோ, மூளையிலோ உள்ள கோளாறு கண்ணில் வந்து தெரியும். இரண்டையும் பிரித்தறிய உள்ளங்கை ஒன்று போதும்.

முதற் சோதனை

வழமையாகப் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் நேராக இருங்கள். குறைந்தது 3 மீற்றர் தூரத்தில், விளிம்பு தெளிவாக உள்ள ஒன்றைப் பாருங்கள்: கதவு நிலை, சுவர் மணிக்கூடு, மதிலுக்கு அப்பால் நிற்கும் பனை.

1. வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்தி, ஐந்து எண்ணும் வரை இடக்கண்ணால் மட்டும் பாருங்கள்.
2. கையை எடுத்து, மறுபடி இரட்டை தெரிகிறதா என்று பாருங்கள்.
3. இடக்கண்ணைப் பொத்தி அதையே செய்யுங்கள்.

எந்தக் கண்ணைப் பொத்தினாலும் இரட்டை மறைந்து ஒன்றாகத் தெரிந்தால், இரண்டு கண்ணும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இது இருகண் இரட்டைப் பார்வை. ஒரு கண்ணைப் பொத்திய பின்பும் மற்றக் கண்ணில் இரட்டை அப்படியே இருந்தால், கோளாறு அந்தக் கண்ணுக்குள்தான். இது ஒருகண் இரட்டைப் பார்வை.

இந்தச் சின்னச் சோதனையும் பிழைப்பதுண்டு. விரலால் பொத்தினால் இடுக்கால் வெளிச்சம் வரும். அழுத்திப் பொத்தினால் கையை எடுத்த பிறகு அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கும். கண்ணை இறுக்கி மூடச் சொன்னால் திறந்திருக்கும் கண்ணும் சுருங்கிக்கொள்ளும். ஆகவே பொத்தும் கை கண்ணில் முட்டக் கூடாது.

இன்னொன்று: முகத்துக்கு முன்னால் விரலை நீட்டிவிட்டுத் தூரத்துச் சுவரைப் பார்த்தால் விரல் இரண்டாகத் தெரியும். அது எல்லோருக்கும் உள்ளது, வருத்தம் அல்ல. இதைத் திடீரெனக் கவனித்துப் பயந்து வருபவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு கண்ணில் மட்டும் என்றால்

இதில் அவசரம் குறைவு. கண்புரை, அஸ்டிக்மாற்றிசம் (கண்ணின் முன்படலம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வளையாமை), கண் வறட்சி, கண்ணின் முன்படலம் கூம்பாகிப் போதல், விழித்திரையின் மேல் மெல்லிய சவ்வு படர்தல் என்பன காரணங்கள். இரண்டாவது உருவம் முதலாவதை ஒட்டி, நிழல்போல மங்கலாக நிற்கும்.

ஒரு கறுப்பு மட்டையில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் அகலத்தில் ஊசியால் ஒரு துளை போட்டு, அதனூடாக அந்தக் கண்ணால் பாருங்கள். நிழல் மறைந்தால் ஒளி வரும் பாதையில்தான் கோளாறு. கண்ணாடியோ, வறட்சிக்குரிய துளிமருந்தோ, கண்புரைச் சத்திரசிகிச்சையோ அதைத் தீர்க்கும். மறையாவிட்டால் விழித்திரையைப் பார்க்க வேண்டும்.

இங்கே கண்ணாடிக் கடையைப் பற்றியும் ஒரு சொல். புதுக் கண்ணாடி போட்ட அன்றே இரட்டை தொடங்கி, கழற்றினால் போய்விட்டால், அது இருகண் வகையாக இருந்தாலும் கண்ணாடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். வில்லையின் மையம் கண்மணிக்கு நேரே இராவிட்டால் வில்லையே அரியம்போல, அதாவது ஒளியை ஒரு பக்கம் வளைக்கும் ஆப்புக் கண்ணாடிபோல, வேலை செய்யும். கணக்கு எளிது: வில்லையின் பவரை, மையம் விலகிய சென்ரிமீற்றரால் பெருக்குங்கள். மைனஸ் 6 வில்லையில் மையம் 5 மில்லிமீற்றர் விலகினால் 3 அரிய டயொப்டர் (அரியத்தின் வலிமையை அளக்கும் அலகு). மேல்–கீழாக இவ்வளவு விலகினால் பெரும்பாலானோருக்குத் தாங்காது. இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்தை மறுபடி அளந்து, கண்ணாடியைச் சரிபார்க்கக் கேளுங்கள்.

இருகண் வகை: இன்றைக்கே போக வேண்டியவை

புதிதாக வந்த இருகண் இரட்டைப் பார்வையோடு கீழே உள்ளவற்றில் ஒன்றாவது இருந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது யாழ் போதனா வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கு நேரே போங்கள். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறைப் பக்கம் இருந்தால் அங்குள்ள ஆதார வைத்தியசாலை கிட்ட. நெடுந்தீவில் இருப்பவர்கள் குறிகாட்டுவானுக்கு வந்துசேரவே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வேண்டும். அடுத்த வள்ளத்தைப் பார்த்திருக்காமல் முதலில் தீவு வைத்தியசாலைக்குப் போய் இடமாற்றம் கேளுங்கள்.

- ஒரு பக்க இமை தொங்கி, அந்தக் கண்ணின் கண்மணி மற்றதைவிடப் பெரிதாக இருத்தல், அதோடு கடும் தலையிடி. மூளை இரத்தக் குழாயில் ஒரு வீக்கம், கண்ணை அசைக்கும் மூன்றாம் மண்டையோட்டு நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து.
- வாய் கோணுதல், சொல் குழறுதல், கைகால் பலவீனம், நடக்க முடியாத தலைச்சுற்று: பாரிசவாதம்.
- விழுங்கக் கஷ்டம், குரல் மூக்கால் வருதல், மூச்செடுக்கக் கஷ்டம்.
- காலையில் தலையிடி, சத்தி, இரண்டு கண்ணும் வெளிப்பக்கம் திரும்ப மறுத்தல்: மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம்.
- கண் சிவந்து வீங்கி, காய்ச்சல் அல்லது மூக்கடைப்புடன் வலி. சலரோகம் உள்ளவரில் இது பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம்.
- தலையிலோ முகத்திலோ அடிபட்ட பிறகு. கன்னத்து எலும்பு உடைந்திருக்கலாம் என்றால் மூக்குச் சிந்த வேண்டாம். பிள்ளைகளில் கண் வெளியே வெள்ளையாக, காயமே இல்லாததுபோல இருக்கும். ஆனால் மேலே பார்க்க முடியாமல் சத்தி எடுத்தால் தசை உடைவுக்குள் சிக்கியிருக்கலாம். அதை ஒன்றிரண்டு நாளுக்குள் விடுவிக்க வேண்டும்.
- வயது 50க்கு மேல், புதுத் தலையிடி, சாப்பிடும்போது தாடை நோவு, தலை சீவும்போது வலி.
- பல நாள் சாப்பாடின்றிக் குடித்தவர் தடுமாறி, குழம்பிப் பேசுதல். விற்றமின் பி1 ஊசி தாமதித்தால் ஞாபகசக்தி திரும்பாமற் போகலாம்.

எங்கள் மண்ணுக்கே உரிய ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவர் விடியப்புறம் வயிற்று நோவோடும் சத்தியோடும் எழும்பி, இமை கனத்து, ஆட்கள் இரண்டாகத் தெரிவதாகச் சொன்னால் எட்டடி விரியனை நினையுங்கள். அதன் கடி பெரும்பாலும் நோகாது. கடிவாய் கண்ணுக்கும் தெரியாமற் போகலாம். "பாம்பு கடிக்கேல்லை" என்று நோயாளியே சொல்வார். இமையும் கண் தசையும் முதலில் சோரும், பிறகு விழுங்கும் தசை, பிறகு மூச்சு. இலங்கையில் புடையன் கடித்தாலும் இமை தொங்கி இரட்டை தெரிவதுண்டு. நாகம் கடித்தாலும் அப்படியே. கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கையோ காலோ அசையாமல் வைத்து, செயற்கைச் சுவாசம் கொடுக்கக்கூடிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அவசரம் இல்லையென்றால் என்ன பார்த்துக் குறிக்க வேண்டும்

ஒவ்வொரு கண்ணுக்கும் ஆறு தசைகள். வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்கு ஆறாம் மண்டையோட்டு நரம்பு, சரிவாகக் கீழிறக்கும் ஒன்றுக்கு நான்காம் நரம்பு, மற்ற நான்குக்கும் மேல் இமைக்கும் கண்மணியைச் சுருக்குவதற்கும் மூன்றாம் நரம்பு. எது பழுதோ அதற்கேற்ப இரட்டையின் வடிவம் மாறும்.

முற்றத்தில் நின்று ஒரு பனையையும் றோட்டு மின்கம்பியையும் பாருங்கள். பனை பக்கம் பக்கமாக இரண்டாகி, கம்பி ஒன்றாகவே இருந்தால் விலகல் கிடையானது. கம்பி ஒன்றுக்கு மேல் ஒன்றாகி, பனை ஒன்றாக இருந்தால் விலகல் மேல்–கீழானது. இரண்டு கம்பிகளில் ஒன்று சரிந்து மற்றதை வெட்டுவதுபோலத் தெரிந்தால் கண் சுழன்றும் இருக்கிறது. அதைச் சாதாரண அரியத்தால் திருத்த முடியாது. வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய விபரம் இது.

அடுத்து, தலையை அசைக்காமல் வலம், இடம், மேல், கீழ் என்று பாருங்கள். எந்தப் பக்கம் பார்க்கும்போது இரண்டு உருவமும் கூடத் தள்ளிப் போகின்றன? தூரத்தில் கூடவா, வாசிக்கும்போது கூடவா? ஒரு பக்கம் பார்க்கும்போதும் தூரத்திலும் கூடினால் ஆறாம் நரம்பு. படி இறங்கும்போதும் பேப்பர் வாசிக்கும்போதும் மேல்–கீழாகக் கூடினால் நான்காம் நரம்பு. மோட்டார் சைக்கிளால் விழுந்தவர்களில் இதை அடிக்கடி காணலாம். விழுந்த அன்று தெரியாது, வீட்டுக்கு வந்து படி இறங்கும்போதுதான் தெரியவரும்.

பழைய படங்களையும் எடுத்துப் பாருங்கள்: கல்யாண அல்பம், அடையாள அட்டை, பள்ளிக்கூடப் படம். எல்லாப் படத்திலும் தலை ஒரே தோளின் பக்கம் சரிந்திருந்தால், பிறப்பிலேயே இருந்த நான்காம் நரம்புப் பலவீனம் இப்போதுதான் கட்டுப்பாடு இழந்திருக்கலாம். ஒரு அல்பத்தால் பல ஸ்கான்கள் தேவையில்லாமற் போவதும் உண்டு.

கடைசியாக, காலையிலும் பின்னேரத்திலும் போனில் முகத்தை நேராகப் படம் எடுங்கள். இமை எவ்வளவு இறங்கியிருக்கிறது, கண்மணிகள் சமனா என்பது அதில் பதியும்.

அதிகம் காணும் மூன்று காரணங்கள்

*சலரோகமும் பிரஷரும்.* 50 தாண்டியவரில் திடீரென ஒரு நரம்பு மட்டும் சோர்ந்தால் பெரும்பாலும் அந்த நரம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய் அடைபட்டிருக்கும். புருவத்தைச் சுற்றி நோவும் வரலாம். மூன்றாம் நரம்பாக இருந்தால் இமை விழும், ஆனால் கண்மணி பெரும்பாலும் சரியாக இருக்கும். "பெரும்பாலும்" என்பதுதான் சிக்கல். ஆகவே முதற் கிழமையில் கண்மணியை நாளும் பார்க்க வேண்டும், பெருத்தால் உடனே திரும்பிப் போக வேண்டும். இந்த வகை பெரும்பாலும் ஏறத்தாழ 3 மாதத்தில் தானாகவே சரியாகும். சீனியை இறுக்கிப் பிடித்தால் நரம்பு கெதியாகத் திரும்பும் என்றில்லை. அடுத்த அடைப்பு மூளையிலோ இருதயத்திலோ வராமலிருக்கத்தான் அது. 3 மாதம் கழிந்தும் குறையாவிட்டாலோ இடையில் கூடினாலோ காரணம் வேறு. எம்.ஆர்.ஐ. கேட்க வேண்டும்.

*மயஸ்தீனியா கிராவிஸ்.* நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராததால் தசை கெதியாகக் களைக்கும் வருத்தம் இது. காலையில் நல்லாக இருந்து, பின்னேரம் இமை இறங்கி, இரட்டை வந்து, படுத்தெழும்பினால் போய்விடும். ஒரு நாள் வலப்பக்கம், இன்னொரு நாள் இடப்பக்கம். இப்படி மாறுவதால் "நடிக்கிறா" என்ற பேரும் வாங்குவார்கள், முக்கியமாக இளம் பெண்கள். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி, மூடிய இமைமேல் 2 நிமிடம் வைத்து எடுத்ததும் படம் எடுங்கள். இமை 2 மில்லிமீற்றர் அல்லது கூட உயர்ந்தால் சந்தேகம் வலுக்கும். கண்ணோடு மட்டும் நிற்கும் வகையில் இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிச் சோதனை அரைவாசிப் பேரில் வெறுமையாக வரும். அதைக் காட்டி "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடக் கூடாது. நெஞ்சுக்குச் சி.ரி. எடுத்துத் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பைரிடோஸ்டிக்மின் குளிசை சில மணித்தியாலம் வேலை செய்யும்; வயிற்றோட்டம், வயிற்றுப் பிடிப்பு வரலாம். ஜென்ரமைசின், சிப்ரோஃப்ளொக்சசின், அசித்ரோமைசின், குளோக்கோமா என்ற கண் அழுத்த வருத்தத்துக்குப் போடும் டிமோலோல் துளி ஆகியவை இந்த வருத்தத்தைக் கூட்டும். பார்மசியில் எதை வாங்கினாலும் வருத்தத்தின் பெயரைச் சொல்லி வாங்குங்கள்.

*தைரொயிட்.* கண் பிதுங்கி, மேல் இமை பின்வாங்கி, காலையில் எழும்பியதும் இரட்டை கூடுதலாக இருக்கும். கீழ்த் தசை தடித்து இறுகுவதால் மேலே பார்க்க முடியாது. இரத்தத்தில் தைரொயிட் அளவு சரியாக இருந்தாலும் கண் வருத்தம் இருக்கலாம். சிகரெட், சுருட்டு, பீடி எதுவானாலும் இதை மோசமாக்கும். நிறங்கள் மங்கினால் பார்வை நரம்பு நசுங்குகிறது, அன்றைக்கே போங்கள்.

சிறு பிள்ளைகள் பெரும்பாலும் இரட்டை என்று சொல்லமாட்டார்கள். மூளை ஒரு கண்ணின் படத்தை அணைத்துவிடும். பெற்றோருக்கு வாக்குக்கண் மட்டும்தான் தெரியும். "அது வாக்கு, அதிர்ஷ்டம்" என்று விட்டால் அந்தக் கண் சோம்பிப் பார்வை குறையும்.

வைத்தியசாலையில்

கொண்டுபோக வேண்டியவை: கிளினிக் கொப்பி, குடிக்கும் எல்லாக் குளிசை அட்டையும், பழைய புதிய கண்ணாடி இரண்டும், போனில் எடுத்த படங்கள், நீங்கள் எழுதிய குறிப்பு. கண்மணியை விரிக்கும் துளி போடுவார்கள். ஆகவே மோட்டார் சைக்கிளில் தனியே போகாதீர்கள். அந்தத் துளி போடுமுன் கண்மணிகளைப் பார்த்துக் குறித்தார்களா என்று பணிவாகக் கேளுங்கள். துளி போட்ட பிறகு சில மணித்தியாலத்துக்கு அதை அறிய வழியில்லை.

கண்ணை மாறி மாறி மறைத்து, அரியச் சட்டத்தால் விலகலை அளப்பார்கள். எந்தத் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஹெஸ் வரைபடமும் எடுக்கலாம். அந்த வரைபடத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், அடுத்தமுறை ஒப்பிட வேண்டும். சீனி, எச்.பி.ஏ.1.சி. (கடந்த சில மாதச் சீனியின் சராசரி), கொழுப்பு, ஈ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது), தைரொயிட் ஆகியவற்றை இரத்தத்தில் பார்ப்பார்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: சாயம் ஏற்றாத தலைச் சி.ரி. சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. மூளைத் தண்டிலுள்ள சிறு அடைப்பும் இரத்தக் குழாய் வீக்கமும் அதில் தெரியாமற் போகலாம். கண்மணி பெருத்திருந்தால் இரத்தக் குழாய்களைக் காட்டும் அஞ்சியோகிராம்தான் வேண்டும்.

திருத்தும் வழிகள்

முதல் நாளிலிருந்தே செய்யக்கூடியது ஒரு கண்ணை மறைப்பது. கறுப்பு மூடியைவிட, கண்ணாடியின் ஒரு வில்லையில் உட்பக்கமாக மங்கல் ரேப் ஒட்டுவது நல்லது: வெளிச்சம் வரும், உருவம் வராது, வெளியே பார்ப்பவருக்கும் அவ்வளவாகத் தெரியாது. கீழே பார்க்கும்போது மட்டும் இரட்டை என்றால் வில்லையின் கீழ்ப் பாதியில் ஒட்டினாற் போதும். ஒரு பக்கம் பார்க்கும்போது மட்டும் என்றால் அந்தப் பக்கத்துக் கண்ணின் வில்லையில் வெளி மூன்றிலொரு பங்கில் ஒட்டுங்கள். வளர்ந்தவருக்கு எந்தக் கண்ணை மறைத்தாலும் கண் பழுதாகாது. சிறு பிள்ளைக்கு வைத்தியர் சொல்லாமல் மறைக்கக் கூடாது.

அடுத்தது அரியம். 1 அரிய டயொப்டர் என்றால் 1 மீற்றர் தூரத்தில் உருவத்தை 1 சென்ரிமீற்றர் நகர்த்தும். 10 என்றால் 6 மீற்றரில் 60 சென்ரிமீற்றர். விலகல் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் மாதங்களில் ஒட்டும் வகையான ஃப்ரெனல் அரியம் பொருத்தம். ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்ரிக் தாள் அது. வில்லையின் அளவுக்கு வெட்டி, வழுவழுப்பான பக்கம் வில்லையின் உட்புறத்தில் படும்படி, இளஞ்சூட்டு நீருக்குள் வைத்து ஒட்டி, குமிழ்களை நடுவிலிருந்து வெளியே தள்ள வேண்டும். ஒரு நாள் காயவிடுங்கள். கழுவச் சவர்க்கார நீரும் மென்மையான பிரஷும் போதும். சாரம் நுனியால் துடைத்தால் கோடுகளுக்குள் தூசி ஏறும். பவர் கூடக் கூட எழுத்து மங்கும், அது பழுதல்ல. அரியத்தின் அடிப்பக்கம் (தடித்த பக்கம்) எந்தத் திசை என்று பேனையால் குறித்து வையுங்கள். கழன்று விழுந்தபின் தலைகீழாக ஒட்டி இரட்டையை இரு மடங்காக்கியவர்கள் உண்டு. விலகல் நிலைத்த பிறகு வில்லைக்குள்ளேயே அரியத்தைச் செய்து, இரண்டு கண்ணுக்கும் பங்கிட்டுக் கொடுப்பார்கள். பவர் கூடினால் விளிம்பு தடித்துப் பாரமாகும்.

போட்டுலினம் ஊசி, சோர்ந்த தசைக்கு எதிரே இழுக்கும் தசையை ஏறத்தாழ 3 மாதத்துக்குத் தளர்த்தும். சத்திரசிகிச்சை அவசரமல்ல: அளவு 6 மாதம் மாறாமல் நின்ற பிறகுதான். தைரொயிட் கண்ணில் வரிசை முக்கியம்: கண்குழியை விரிக்க வேண்டியிருந்தால் அது முதலில், தசை அடுத்து, இமை கடைசி. இங்கே எதிர்பார்ப்பை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நேரே பார்க்கும்போதும் வாசிக்கும்போதும் ஒன்றாகத் தெரிவதே குறிக்கோள். ஓரத்தில் பார்க்கும்போது இரட்டை மிஞ்சலாம், அதைத் தோல்வி என்று சொல்ல முடியாது.

கண் பயிற்சி? நரம்பு சோர்ந்ததற்கு அது உதவாது. கிட்டப் பார்க்கும்போது கண்கள் உள்நோக்கிச் சேர மறுக்கும் வகைக்கு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளில் அடிக்கடி காண்பது, பென்சில் பயிற்சி உதவலாம். 40 சென்ரிமீற்றரிலிருந்து பென்சில் நுனியை மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுவந்து, இரண்டாகும் இடத்தில் நிறுத்தி, ஒன்றாக்க முயன்று, திரும்ப எடுங்கள். நாளுக்கு 15 நிமிடம், 12 கிழமை.

அதுவரை வீட்டில்

இரட்டை தெரியும் வரை மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம் எதுவும் ஓட்ட வேண்டாம். ஒரு கண்ணை மறைத்தவுடனும் ஓட்டத் தொடங்க வேண்டாம். தூரம் மட்டுக்கட்டப் பழகக் கிழமைகள் செல்லும், வைத்தியரின் சம்மதமும் வேண்டும். சீவல் தொழிலாளி மரம் ஏறக் கூடாது. கட்டுக் குறைந்த கிணற்றில் தண்ணி அள்ளும் வேலையை வேறொருவர் பார்க்கட்டும். தேத்தண்ணி ஊற்றும்போது கேத்தல் மூக்கைக் கோப்பை விளிம்பில் தொடவைத்து ஊற்றுங்கள். படியின் விளிம்பில் வெள்ளைப் பெயின்ரால் ஒரு கோடு போட்டு, மறைத்த கண்ணின் பக்கம் சுவரோ கைபிடியோ இருக்கும்படி இறங்குங்கள்.